பள்ளி பேண்ட் கச்சேரிக்கு முதன்முறையாகப் போகும் பெற்றோருக்கு: ஆகஸ்ட் படிவம் முதல் கடைசிக் கைதட்டல் வரை

டாலஸ் நகரின் வடக்குப் புறநகர் ஒன்றில் நடுநிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்ந்த என் மகள், கலைப் பாடமாக பேண்டை, அதாவது ஊதும் வாத்தியங்களும் முரசுகளும் சேர்ந்த இசைக்குழுவை, தேர்ந்தெடுத்துக் கிளாரினெட் கற்கத் தொடங்கினாள். அந்த டிசம்பரில் அவளுடைய முதல் கச்சேரிக்கு நாங்கள் 7 நிமிடம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தோம். ஊரிலிருந்து வந்திருந்த என் அம்மா, மூன்று வயது மகன், சரசரக்கும் செலோபேன் தாளில் சுற்றிய பூங்கொத்து, படமெடுப்பதற்கென்று ஒரு பெரிய டேப்லட் என்று முழுப் பரிவாரத்தோடு போயிருந்தோம். அரங்கக் கதவின் குறுக்கே இருந்த இரும்புத் தண்டை நான் அழுத்தியபோது எழுந்த ‘டக்’ என்ற ஓசையில் கடைசி நான்கு வரிசைகளும் திரும்பிப் பார்த்தன. மேடையில் வாசித்துக்கொண்டிருந்த என் மகளும் பார்த்தாள். அதோடு நிற்கவில்லை. பிறகு எட்டாம் வகுப்புக் குழு வாசித்தபோது, ஓர் உருப்படி முடிந்துவிட்டதாக நினைத்து நான் ஒருவன் மட்டும் பலமாகக் கைதட்டினேன். உருப்படி முடிந்திருக்கவில்லை, பாதிதான் ஆகியிருந்தது.

அதன் பிறகு நான்கு ஆண்டுகளில் பல கச்சேரிகளுக்குப் போய்விட்டேன். எங்களைப் போலப் புதிதாக வரும் குடும்பங்கள் அந்த முதல் மாலையை நிம்மதியாகக் கழிக்க வேண்டும் என்பதற்காக, நான் தட்டுத் தடுமாறிக் கற்றவற்றை வரிசையாக எழுதுகிறேன். இவை டெக்சஸ் மாநிலத்து அனுபவங்கள். அமெரிக்காவின் பிற மாநிலங்களில் தேதிகளும் கட்டணங்களும் மாறலாம். அரங்கில் அமரும் முறை அநேகமாக எங்கும் ஒன்றுதான்.

1. ஆகஸ்ட் மாதத்திலேயே தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள்

பள்ளி திறந்த முதல் இரண்டு வாரங்களுக்குள் பேண்ட் ஆசிரியரிடமிருந்து ஒரு கையேடு வரும். இருபது பக்கங்களுக்குக் குறையாத அந்தக் கையேட்டை யாரும் முழுதாகப் படிப்பதில்லை என்பது ஆசிரியருக்கும் தெரியும். ஆயினும் அதிலுள்ள ஆண்டு நாள்காட்டியை மட்டுமாவது அன்றே எடுத்துக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிடுங்கள். பெரும்பாலான பள்ளிகளில் டிசம்பர் மாத முதல் பாதியில் ஒரு கச்சேரியும், மே மாதத்தில் ஒரு கச்சேரியும் நடைபெறும். பெரிய வகுப்புக் குழுக்களுக்கு இடையில் இன்னும் ஒன்றிரண்டு இருக்கும். வார நாள் மாலை 6 மணிக்கோ 7 மணிக்கோ தொடங்குவதுதான் வழக்கம்.

நம் குடும்பங்கள் அதிகமாக விழும் பள்ளம் இதுதான். டிசம்பர் விடுமுறைக்கு ஊருக்குப் போகும் விமானச் சீட்டை மலிவாகக் கிடைக்கிறதென்று ஜூலையிலேயே வாங்கிவிடுகிறோம். இரண்டு நாள் பள்ளி போனால் போகட்டும் என்று முன்கூட்டியே புறப்படத் திட்டமிடுகிறோம். அந்த இரண்டு நாளில் ஒன்று கச்சேரி நாளாக இருக்கிறது. இது கலை விழாவில் விருப்பமுள்ளவர்கள் கலந்துகொள்ளும் நிகழ்ச்சி போன்றதன்று. பேண்ட் ஒரு பாடம், கச்சேரி அதன் தேர்வு. எங்கள் பள்ளியில் கச்சேரிக்கு வராவிட்டால் பெரிய தேர்வில் சுழியம் வாங்கியதற்குச் சமம். ஈடுசெய்ய வேண்டுமென்றால் இரண்டு வாரங்களுக்கு முன்பே எழுத்து மூலம் தெரிவித்து, ஆசிரியர் தரும் மாற்றுப் பணியைச் செய்ய வேண்டும். ஆகவே நாள்காட்டியைப் பார்த்த பிறகே சீட்டு வாங்குங்கள்.

கச்சேரிக்கு இரண்டு நேரங்கள் உண்டு என்பதையும் கவனியுங்கள். ஒன்று, மாணவர் வந்து சேர வேண்டிய நேரம். மற்றொன்று, நிகழ்ச்சி தொடங்கும் நேரம். முதலாவது பெரும்பாலும் 45 நிமிடமோ ஒரு மணி நேரமோ முந்தியதாக இருக்கும். நாங்கள் இரண்டாவதை மட்டும் பார்த்தோம். வாத்தியத்தைச் சூடேற்றி, சுருதி சேர்த்து, வரிசையில் நின்று மேடைக்கு வர வேண்டிய குழந்தையை நிகழ்ச்சி நேரத்துக்கு அழைத்துப்போனால், அவள் மூச்சு வாங்கிக்கொண்டே வாசிக்க வேண்டியதாகிவிடும். முதல் கச்சேரி நாளன்று அடுத்த தெருத் தோழியின் அம்மா என் மகளையும் சேர்த்து அழைத்துப்போனதால்தான் அவள் தப்பித்தாள்.

2. கையெழுத்திட வேண்டிய தாள்களும் ஆகும் செலவும்

ஆகஸ்ட் இறுதியில் நான்கு தாள்கள் உங்கள் மேசைக்கு வரும். கையேட்டைப் படித்ததற்கான ஒப்புதல், உங்கள் குழந்தையின் படத்தைப் பள்ளி வெளியிடலாமா என்று கேட்கும் ஊடக அனுமதி, வாத்தியத்துக்கான வாடகை ஒப்பந்தம், கச்சேரி உடைக்கான அளவுப் படிவம் ஆகியவை அவை. முதல் மூன்றையும் கவனமாக நிரப்பிவிடும் நாம், நான்காவதைத் தள்ளிப்போடுகிறோம். உடை மொத்தமாக ஆர்டர் செய்யப்பட்டு வருவதற்குச் சில வாரங்கள் ஆகும் என்பதால், செப்டம்பரில் தவறவிட்டவர் டிசம்பரில் கடை கடையாக அலைய நேரிடும்.

கிளாரினெட், புல்லாங்குழல், டிரம்பெட் போன்ற சிறிய வாத்தியங்களைக் கடையில் மாத வாடகைக்கு எடுக்கலாம். மாதம் 20 முதல் 40 டாலர் வரை ஆகும். டியூபா, யூஃபோனியம், பிரெஞ்சு ஹார்ன் போன்ற விலையுயர்ந்தவற்றைப் பள்ளியே தந்து, ஆண்டுக் கட்டணம் மட்டும் வாங்கிக்கொள்வது வழக்கம். பழுதானால் செலவு யாருடையது என்ற வரியைப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். கிளாரினெட், சாக்ஸபோன் வாசிக்கும் குழந்தைகளுக்கு ரீடு என்ற மூங்கில் போன்ற மெல்லிய தகடு தேவை. பத்து ரீடுகள் கொண்ட பெட்டி ஏறக்குறைய 30 டாலர். கச்சேரி நாளில் உறையில் குறைந்தது இரண்டு நல்ல ரீடுகளாவது இருக்கிறதா என்று முந்திய இரவே பாருங்கள். விரிசல் விட்ட ஒற்றை ரீடோடு மேடையேறிய குழந்தையின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன்.

உடையில் ஒரே ஒரு விஷயம் சொல்கிறேன். கறுப்புக் கால்சட்டை, கறுப்புக் காலணி எல்லோரும் வாங்கிவிடுகிறார்கள். கணுக்காலுக்கு மேல் ஏறும் கறுப்புக் காலுறையை மறந்துவிடுகிறார்கள். நிற்கும்போது தெரியாது. மேடை விளக்கின் கீழ் நாற்காலியில் உட்கார்ந்ததும் கால்சட்டை மேலேறி, வெள்ளை விளையாட்டுக் காலுறை கடைசி வரிசை வரை பளிச்சென்று தெரியும்.

நுழைவுக்கு எங்கள் பள்ளியில் கட்டணமில்லை. சில பள்ளிகளில் ஆளுக்கு ஐந்து டாலர் வாங்குகிறார்கள், சிலவற்றில் முன்கூட்டியே இணையத்தில் சீட்டு எடுக்க வேண்டும். மின்னஞ்சலை ஒரு வாரம் முன்பே திறந்து பாருங்கள்.

3. எப்போது போய், எங்கே உட்காருவது

பார்வையாளர் 20 நிமிடம் முன்னதாக இருக்கையில் இருப்பது நல்லது. வண்டி நிறுத்த இடம் கிடைக்காததே தாமதத்துக்கு முதல் காரணம் என்பதால், வீட்டிலிருந்து 40 நிமிடம் முன்னதாகவே கிளம்புங்கள். ஒரே மாலையில் மூன்று குழுக்கள் அடுத்தடுத்து வாசிக்கும் பள்ளிகளில், முதல் குழுவின் பெற்றோர் வெளியேறும் நேரமும் இரண்டாம் குழுவின் பெற்றோர் வரும் நேரமும் ஒன்றாகி, வாசலில் திருவிழாக் கூட்டம் கூடிவிடும்.

இருக்கையைத் தேர்வதில் நம் ஆசை முன்வரிசை நோக்கித்தான் போகும். பேண்டைப் பொறுத்தவரை அது நல்ல இடமன்று. முன்வரிசையில் உட்கார்ந்தால் முதல் இரண்டு வரிசைக் குழந்தைகளின் காலணிகளும் இசைத்தாள் தாங்கிகளின் பின்பக்கமும் மட்டுமே தெரியும். பின்னால் இருக்கும் டிரம்போனும் முரசும் எங்கிருந்தோ கேட்கும். அரங்கின் நடுப்பகுதியில், உங்கள் குழந்தை உட்காரும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக அமர்ந்தால் முகம் தெரியும். எந்தப் பக்கம் என்பதை அவர்களிடமே முன்னால் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். குழந்தை, சக்கர நாற்காலி, ஊன்றுகோல் எது உடன் வந்தாலும் ஓரத்து இருக்கையை எடுங்கள். வரப்போகிற ஆறு பேருக்காகத் துப்பட்டாவை நீளமாக விரித்து இடம் பிடிப்பது இங்கே மனக்கசப்பையே தரும். ஓரிரு இருக்கை வரை பரவாயில்லை.

தாமதமாகிவிட்டதா? கதவருகே நில்லுங்கள். உள்ளிருந்து கைதட்டல் கேட்ட பிறகு மட்டும் நுழையுங்கள். இரும்புத் தண்டு உள்ள கதவைத் திறந்ததும் விட்டுவிடாமல், உள்ளங்கையால் தாங்கி மெல்ல மூட வேண்டும். அது தானாக மூடினால் தாள வாத்தியமே தோற்றுவிடும். உள்ளே வந்தவுடன் கண்ணில் படும் முதல் காலி இருக்கையில் உட்கார்ந்துவிட்டு, குடும்பத்தைத் தேடுவதை அடுத்த உருப்படிக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

4. கைபேசியும் படமெடுப்பதும்

ஒலியை அணைத்து, அதிர்வில் வைத்தால் போதும் என்று நானும் நினைத்திருந்தேன். கச்சேரி உணவுக்கூடத்தில் நடந்தால், அங்கே போடப்படும் மடக்கு இரும்பு நாற்காலியின் மேல் வைத்த கைபேசி அதிர்ந்தால், நாற்காலியே வாத்தியமாகிவிடுகிறது. விமான நிலைக்கு (ஏர்பிளேன் மோட்) மாற்றிவிடுங்கள். கைக்கடிகாரத்தையும் மறக்காதீர்கள்; இருட்டில் ஒவ்வொரு முறை கையை அசைக்கும்போதும் அது ஒளிரும்.

படமெடுக்கலாமா என்பதைக் கையேடு சொல்லும், அல்லது தொடக்கத்தில் ஆசிரியர் அறிவிப்பார். சில பள்ளிகள் அனுமதிக்கின்றன. வாசிக்கப்படும் பல உருப்படிகளுக்குப் பதிப்புரிமை இருப்பதாலும், நிகழ்ச்சியை முறையாகப் பதிவுசெய்ய வேறு ஏற்பாடு இருப்பதாலும் சில பள்ளிகள் மறுக்கின்றன. அனுமதி உள்ள இடத்திலும் மூன்று கட்டுப்பாடுகளை நீங்களே விதித்துக்கொள்ளுங்கள். ஃபிளாஷ் கூடவே கூடாது. இசைத்தாளைப் படித்துக்கொண்டிருக்கும் குழந்தையின் கண்ணில் வெளிச்சம் அடித்தால் அடுத்த இரண்டு வரி தொலைந்துபோகும். கருவியை மார்பு உயரத்துக்கு மேல் தூக்கக்கூடாது, டேப்லட்டைக் கொண்டுவரவே கூடாது. மற்றக் குழந்தைகளின் முகம் தெரியும் காணொளியைக் குடும்ப வாட்ஸாப் குழுவைத் தாண்டி எங்கும் இடக்கூடாது. ஊடக அனுமதித் தாளில் ‘வேண்டாம்’ என்று எழுதிய பெற்றோரும் அதே அரங்கில் இருக்கிறார்கள்.

என் சொந்த அபிப்பிராயம்: ஓர் உருப்படியை மட்டும் எடுத்துவிட்டுக் கைபேசியைப் பைக்குள் போட்டுவிடுங்கள். முதல் ஆண்டு நான் எடுத்த 38 நிமிடக் காணொளியை இதுவரை ஒருவரும் பார்க்கவில்லை, நான் உட்பட.

5. எப்போது கைதட்டுவது

நம்மில் பலருக்குச் சபாவில் கச்சேரி கேட்ட பழக்கம் உண்டு. பாடகர் ஒரு நல்ல சங்கதியைப் போட்டால் ‘பேஷ்’ என்று வாய்விட்டுச் சொல்வோம். தொடையில் தாளம் போடுவோம். கோர்வை சரியாக வந்து விழுந்தால் அங்கேயே கைதட்டுவோம். தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் காப்பிக்கு எழுந்து போவோரும் உண்டு. பாடுபவருக்கு அந்தப் பாராட்டு உடனுக்குடன் தேவைப்படுகிறது என்பதால் அது அங்கே பொருத்தமே. இங்கே அந்தப் பழக்கம் அத்தனையும் இடைஞ்சல். ஐம்பது அறுபது குழந்தைகள் ஒரே நேரத்தில் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டு வாசிக்கிறார்கள். மெல்லிய இடங்களில் அவர்கள் பிடித்துக்கொண்டிருக்கும் நூல் மிகவும் மெல்லியது.

என் மகள் எனக்குச் சொல்லிக்கொடுத்த ஒரே விதி இது: நடத்துநரின், அதாவது முன்னால் நின்று கையசைத்துக் குழுவை நடத்தும் ஆசிரியரின், கைகளைப் பாருங்கள். அவர் மேடைக்கு நடந்து வரும்போது கைதட்டலாம். அவர் நம் பக்கம் முதுகைக் காட்டிக் குழுவைப் பார்த்து நின்றதும் பேச்சு நிற்க வேண்டும். கை மேலே போனதும் வாத்தியங்கள் எல்லாம் ஒன்றாக உயரும். அப்போதே உருப்படி தொடங்கிவிட்டதாகக் கொள்ளுங்கள், ஒலி வர இன்னும் ஒரு நொடி ஆனாலும். கடைசி ஸ்வரம் வாசித்து முடிந்த பிறகும் கை அந்தரத்திலேயே நிற்கும். முக்கோணம் என்ற சிறு கம்பி வாத்தியத்தின் ரீங்காரமோ சிம்பல் என்ற பெரிய தாளத்தட்டின் எதிரொலியோ அடங்கும் வரை அந்த மௌனத்தையும் சேர்த்தே அவர்கள் பயின்றிருக்கிறார்கள். கை கீழே இறங்கி, தோள் தளர்ந்து, அவர் நம்மை நோக்கித் திரும்பும்போது தட்டுங்கள். அப்போது எவ்வளவு பலமாகத் தட்டினாலும் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

நான் மாட்டிக்கொண்டது பல பகுதிகள் கொண்ட உருப்படியில். நிகழ்ச்சி நிரலில் உருப்படியின் பெயருக்குக் கீழே, சற்று உள்ளே தள்ளி, ரோமன் எண்களோடு இரண்டு மூன்று வரிகள் இருந்தால் அது பல பகுதிகள் கொண்டது. எல்லாப் பகுதிகளும் முடிந்த பிறகுதான் கைதட்ட வேண்டும். உயர்நிலைப் பள்ளிக் குழுக்கள் விரும்பி வாசிக்கும் ஓர் உதாரணம், குஸ்தாவ் ஹோல்ஸ்ட் 1909-இல் எழுதிய ‘இ-ஃபிளாட் முதல் சூட்’. அதில் சாக்கோன், இன்டர்மெட்ஸோ, மார்ச் என மூன்று பகுதிகள் உள்ளன. முதல் பகுதியே பெருமுழக்கத்தோடு முடிவதால், புதிதாகக் கேட்பவரின் கைகள் தாமாக எழும். மூன்று பகுதிகளும் ஒரே இசைச் சொற்றொடரிலிருந்து பிறந்தவை என்பதால் இடைவெளி விடாமல் வாசிக்க வேண்டும் என்று ஹோல்ஸ்ட் இசைத்தாளிலேயே கேட்டுக்கொண்டிருக்கிறார். ஐயமாக இருந்தால், உங்களுக்கு முன்னால் இருக்கும் அனுபவசாலிப் பெற்றோர் தட்டும் வரை பொறுத்திருங்கள். இரண்டு நொடி தாமதமாகத் தட்டியவரை யாரும் திரும்பிப் பார்த்ததில்லை.

விதிவிலக்குகளும் உண்டு, அவைதாம் குழப்பத்தைக் கூட்டுகின்றன. அதே மாலையில் ஜாஸ் குழு வாசித்தால், ஒவ்வொருவரும் தனியாக வாசித்து முடித்ததும், பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே தட்டுவதுதான் மரியாதை. தட்டாவிட்டால் அந்தப் பிள்ளைக்கு வருத்தமாக இருக்கும். மே மாதக் கச்சேரியின் இறுதியில் ஜான் பிலிப் சூசா 1896-இல் அமைத்த ‘ஸ்டார்ஸ் அண்ட் ஸ்டிரைப்ஸ் ஃபாரெவர்’ அணிவகுப்பு இசையை வாசித்து, நடத்துநரே நம் பக்கம் திரும்பிக் கையசைத்தால், அரங்கம் முழுதும் தாளத்தோடு தட்டும், நீங்களும் சேர்ந்துகொள்ளுங்கள். அவர் திரும்பாதவரை நாமாகத் தொடங்கக்கூடாது, ஏனென்றால் பின்வரிசையில் தட்டும் தாளம் மேடைக்குச் சற்றுப் பிந்தியே போய்ச் சேர்ந்து, முரசடிக்கும் பிள்ளையைத் தடுமாறச் செய்யும்.

நவம்பர் 11 படைவீரர் நாளை ஒட்டிய நிகழ்ச்சிகளில் ராணுவத்தின் ஒவ்வொரு பிரிவுக்குமான பாடல்களைக் கோத்து வாசிப்பார்கள். அந்தந்தப் பிரிவில் பணியாற்றியவர்கள் தங்கள் பாடல் வரும்போது எழுந்து நிற்பார்கள். எல்லோரும் எழவில்லையே என்று யோசித்து நீங்கள் எழ வேண்டியதில்லை. எழுந்தவர்களுக்குக் கைதட்டினால் போதும். நாட்டுப் பண் ஒலித்தால் மட்டும் அனைவரும் எழ வேண்டும். குடியுரிமை இல்லாதவர்கள் அமைதியாக நேராக நின்றாலே நிறைவான மரியாதை.

சுருதி சேர்ப்பதற்குக் கைதட்ட வேண்டாம். தொடக்கத்தில் ஒரே ஸ்வரத்தை எல்லோரும் நீளமாக ஊதுவது உருப்படியன்று. அந்த நேரத்தில் பேசிக்கொண்டிருப்பதும் தவறு, பக்கத்துப் பிள்ளையின் சுருதியை அவர்கள் காதால் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

பிசகு நேர்ந்தால் சிரிக்காதீர்கள். ஆறாம் வகுப்புக் கிளாரினெட் ‘கீச்’ என்று கத்துவது, விரல் துளையை முழுதாக மூடாததாலோ ரீடு சரியில்லாததாலோ நேர்வது. வாசிக்கும் குழந்தை அதை உங்களுக்கு முன்பே கேட்டுவிட்டது. பெயரைச் சொல்லிக் கூவுவது, விசிலடிப்பது ஆகியவற்றை வெள்ளிக்கிழமை இரவுக் கால்பந்து மைதானத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். உயர்நிலைப் பள்ளிக்குப் போன பிறகு அங்கே இதே பிள்ளைகள் அணிவகுத்து வாசிக்கும்போது தொண்டை கிழியக் கத்தலாம், யாரும் தடுக்க மாட்டார்கள்.

6. சிறு குழந்தைகளும் தாத்தா பாட்டிகளும்

மூன்று வயதுக் குழந்தையை அழைத்துவரக் கூடாது என்று எந்தப் பள்ளியும் சொல்வதில்லை. ஆனால் பெருமுரசின் முதல் அடியில் அது திடுக்கிட்டு அழப்போகிறது என்பதை எதிர்பார்த்தே வாருங்கள். அழத் தொடங்கியதும் உருப்படி முடியும் வரை சமாதானம் செய்து பார்ப்போம் என்று காத்திருக்காமல், உடனே தூக்கிக்கொண்டு வெளியேறுங்கள். உள்ளே வருவதற்குத்தான் கைதட்டல் வரை காத்திருக்க வேண்டும். அழும் குழந்தையோடு வெளியே போவதற்கு அந்த விதி கிடையாது. எங்கள் வீட்டில் இப்போது முறை வைத்திருக்கிறோம்: மகள் வாசிக்கும் நேரத்தில் மனைவி உள்ளே, நான் தாழ்வாரத்தில், அடுத்த குழுவுக்கு இடம் மாறிக்கொள்வோம். முறுக்கு, சிப்ஸ் வகைகள் வேண்டாம். அரங்கில் உணவுக்கு அனுமதி இல்லாததோடு, பொட்டலத்தைப் பிரிக்கும் ஓசை இசையின் மெல்லிய இடத்தில்தான் சரியாக வந்து விழும். ஓசையில்லாத துணிப் பொம்மை ஒன்று போதும்.

ஊரிலிருந்து வந்திருக்கும் பெரியவர்களுக்கு முன்கூட்டியே விளக்கிவிடுங்கள். என் அம்மா பேத்தியின் குழு வாசித்தபோது, மெய்ம்மறந்து “நன்னா வாசிக்கறதுகள்டா!” என்று உரக்கச் சொல்லிவிட்டார். அம்மாவின் மேல் பிழையில்லை. நான்தான் சொல்லியிருக்க வேண்டும். அடுத்த முறை காரிலேயே விஷயத்தைச் சொன்னதும், “அப்படியானால் மௌன விரதம் என்று சொல்” என்றார். ஒன்றரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தார். மேலும், அரங்கில் குளிர்சாதனம் கடுமையாக இருக்கும் என்பதால் அவர்களுக்கு ஒரு சால்வை எடுத்துக்கொள்ளுங்கள்.

7. உங்கள் குழந்தை வாசித்து முடித்ததும் எழுந்துவிடாதீர்கள்

இதை எழுதும்போது எனக்குக் கொஞ்சம் கோபம் வருகிறது. தொடக்க நிலைக் குழு முதலில் வாசிக்கும். பெரிய மாணவர்கள் கடைசியில் வாசிப்பார்கள். முதல் குழு இறங்கியதும் அரங்கில் பாதி காலியாகிவிடுகிறது. மூன்று ஆண்டுகள் உழைத்த எட்டாம் வகுப்பு மாணவர்கள் காலி நாற்காலிகளைப் பார்த்து வாசிக்கிறார்கள். காரணங்கள் எனக்கும் தெரியும்: மறுநாள் பள்ளி, இரவு உணவு, சின்னவனின் தூக்கம். ஆனால் முழு நிகழ்ச்சியே ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். வாசித்து முடித்த மாணவர்களும் அரங்கில் அமர்ந்து மற்றக் குழுக்களைக் கேட்க வேண்டும் என்பது பல பள்ளிகளில் மதிப்பெண்ணுக்குரிய விதி. முன்னதாக அழைத்துச் செல்ல முயன்றால் உங்கள் குழந்தைக்குத்தான் குறையும். உங்கள் பள்ளி ஒவ்வொரு குழுவுக்கும் தனித்தனி நேரம் ஒதுக்கியிருந்தால் இந்தச் சிக்கல் இல்லை. தவிர்க்க முடியாமல் போகவேண்டியிருந்தால், குழுக்கள் இடம் மாறும் இடைவெளியில், கதவுக்கு அருகில் இருந்து எழுந்து போங்கள்.

8. நிகழ்ச்சி முடிந்த பிறகு

மேடையை நோக்கிப் போகாதீர்கள். மாணவர்கள் வாத்தியத்தைத் துடைத்து, பிரித்து, உறையிலிட்டு, பேண்ட் அறையில் வைத்துவிட்டுத்தான் வெளியே வருவார்கள். 15 முதல் 20 நிமிடம் ஆகும். எந்த வாசலில் சந்திப்பது என்று முன்பே பேசிவையுங்கள், ஏனென்றால் அவர்கள் கைபேசியைப் பெரும்பாலும் அறையிலேயே விட்டிருப்பார்கள். பூங்கொத்தைக் காரிலேயே வைத்திருந்து அப்போது கொடுங்கள்; உள்ளே கொண்டுவருவதானால் செலோபேன் தாளைக் கழற்றிவிட்டுக் கொண்டுவாருங்கள். காத்திருக்கும் நேரத்தில் மடக்கு நாற்காலிகளை அடுக்க உதவினால், ஆசிரியர் உங்களை அடுத்த ஆண்டு வரை நினைவில் வைத்திருப்பார்.

ஆசிரியரிடம் நன்றி சொல்லிவிட்டு நகர்ந்துவிட வேண்டும். “என் மகளுக்கு ஏன் மூன்றாம் கிளாரினெட் கொடுத்தீர்கள்?” என்று அந்தக் கூட்டத்தில் கேட்ட தந்தை ஒருவரை நான் அறிவேன். மூன்றாம் கிளாரினெட் என்பது மூன்றாம் தரமன்று. ஒரே வாத்தியத்துக்கு மூன்று தனித்தனி வரிகள் எழுதப்பட்டிருக்கும். கீழ் வரி உறுதியாக இல்லாவிட்டால் மேல் வரி நிற்காது என்பதால் நன்றாக வாசிப்பவர்களை அங்கும் பிரித்துப் போடுவார்கள். கேட்க வேண்டியது இருந்தால் ஓரிரு நாள் கழித்து மின்னஞ்சலில் கேளுங்கள்.

9. போட்டி நாளுக்கு அழைத்தால்

வசந்த காலத்தில் யூஐஎல் என்ற மாநில அமைப்பு நடத்தும் மதிப்பீட்டுக்குப் பெரிய குழுக்கள் போகும். பள்ளி நேரத்திலேயே நடப்பதால் வேலையில் அரை நாள் விடுப்புக் கேட்க வேண்டியிருக்கும். எந்தப் பாடத்திலும் 70-க்குக் கீழே மதிப்பெண் பெற்ற மாணவர் இத்தகைய போட்டிகளில் பங்கேற்கும் தகுதியை இழக்க நேரும் என்பதால், கணக்கையும் அறிவியலையும் அதற்கு முன்பே கவனித்துக்கொள்ளுங்கள்.

மதிப்பீட்டின் முதல் பகுதி மேடையில் நடக்கும். அதற்கு மூன்று நடுவர்கள் அரங்கின் நடுவில் அமர்ந்து, இசை ஒலித்துக்கொண்டிருக்கும்போதே தங்கள் கருத்தைத் தாழ்ந்த குரலில் பதிவுக்கருவியில் பேசிக்கொண்டிருப்பார்கள். அந்த ஒலிப்பதிவு பிறகு ஆசிரியர் கைக்குப் போகும். உங்கள் இருமலும் சாவிக்கொத்தும் அதில் பதிவாகும் என்பதால் அவர்களிடமிருந்து சில வரிசைகள் தள்ளி உட்காருங்கள். ஒன்று முதல் ஐந்து வரை தரம் கொடுப்பார்கள்; ஒன்று என்பதே உயர்ந்தது என்பதால், முடிவுப் பலகையில் ‘1’ என்று பார்த்து என்னைப் போல முகம் வாடாதீர்கள்.

அதன் பிறகு குழு வேறோர் அறைக்குப் போய், முன்பின் பார்த்திராத ஓர் உருப்படியைச் சில நிமிட விளக்கத்துக்குப் பிறகு அப்படியே வாசிக்க வேண்டும். அந்த அறைக்குள் பெற்றோரை அனுமதிக்கிறார்களா என்பதை முன்னரே ஆசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அனுமதித்தால், குழு உள்ளே வருவதற்கு முன்பே போய்ச் சுவரோரமாக அமர்ந்துவிடுங்கள். ஆசிரியர் பாடிக் காட்ட, பிள்ளைகள் ஒலியெழுப்பாமல் விரல்களை மட்டும் அசைத்துப் பழகிக்கொண்டிருப்பார்கள். அறுபது பேர் இருக்கும் அறையில் ஆசிரியரின் குரலும் கிளாரினெட் சாவிகளின் மெல்லிய தட்டலும் மட்டும் கேட்கும். அந்த நேரத்தில் நாற்காலியைக்கூட நகர்த்த வேண்டாம்.